நான்காவது அலமாரியின் சூடு

இறப்புப் பதிவு அலுவலகத்தில், பதிவறையின் நான்காவது அலமாரி பதினொரு வருஷமாகச் சூடாக இருந்தது. கையைச் சுடுகிற சூடு இல்லை, காய்ச்சல்காரரின் நெற்றியில் இருக்குமே, அந்தச் சூடு. பதிவறைக்காரர் அதன் மேல்தட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வைத்திருந்தார். தினமும் காலையில் எடுத்துப் பார்த்து, வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் நூற்றொன்று, நூற்றொன்றரை என்று குறித்துக்கொண்டு வந்தார். ஆரம்பத்தில் மின்சார வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், அந்தப் பக்கம் ஒயரே ஓடவில்லை என்றார், டீ குடித்தார், வந்துபோனதற்குச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. காலையில் கொண்டுவரும் சாப்பாட்டு டப்பாக்களை மொத்த அலுவலகமும் அந்த அலமாரியில்தான் அடுக்கியது. மழைக்காலத்தில் குடைகள் அதன் பக்கவாட்டில் தொங்கின. அலுவலகப் பூனை இரண்டாவது தட்டில் நான்கு தடவை குட்டி போட்டது. மாற்றலாகி வந்தவர்கள் எல்லாம், இங்கே மதியச் சாப்பாடு ஆறுவதே இல்லை என்று பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் அந்த அலுவலகத்துக்கு இருந்தது. அது கீழ்வரி அக்கா. செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்பதற்கு எண் போடுவது அவள் வேலை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சான்றில் மூன்று வரிகள் இருக்கும். கடைசியில் என்ன நடந்தது என்பது மேல்வரி. அது எதனால் வந்தது என்பது நடுவரி. இத்தனையையும் தொடங்கி வைத்தது எது என்பது கீழ்வரி. எண் கீழ்வரிக்குத்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் மேல்வரியைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணைப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். அக்கா சேர்ந்த முதல் நாளிலிருந்தே கீழே இருந்துதான் படித்தாள். பாம்பு கடித்ததற்கு, ஏணியிலிருந்து விழுந்ததற்கு, பழைய காசநோய்க்கு என்று ஆயிரக்கணக்கான எண்கள் அவளுக்கு மனப்பாடம். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, அடுப்பைத் துடைப்பதற்கு முன்னால் இது எதில் ஆரம்பித்தது என்று விசாரிப்பாள் என்று தெருவில் கேலி செய்வார்கள். அவளும் அதை இல்லையென்று சொன்னதில்லை.

எண் போடுவதில் அந்த அலுவலகத்துக்கென்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சான்றுக்கும் இரண்டு பேர், ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாமல், தனித்தனியாக எண் போட வேண்டும். அதற்காக இரண்டு மேசைகளை எதிரெதிராகப் போட்டு, நடுவில் ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் அக்கா. அந்தப் பக்கம் இருந்தவருக்குப் பெயரே எதிர்மேசைக்காரர் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பிரிவுத் தலைவர் சிவப்புப் பென்சிலோடு வந்து இரண்டு பட்டியலையும் ஒப்பிடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒத்துப்போகும். மிச்சம் இரண்டுக்காகத் தடுப்புக்கு மேலே ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். டாக்டருக்குப் போன் போவதுண்டு, வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்பதுண்டு. ஒத்துப்போன தாள்கள் நான்காவது அலமாரிக்கு, சண்டை போட்டுத் தீர்த்த தாள்கள் ஐந்தாவதுக்கு. தொண்ணூற்றெட்டு என்ற எண்ணை ஃப்ரேம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார்கள். வேறெந்த அலுவலகமும் எண்பதைத் தாண்டியதில்லை. அக்கா தினமும் உள்ளே வரும்போது அதை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. கல்லறுக்கும் பட்டறையில் ஆறு வருஷம் வேலை செய்தான். சாயங்காலம் வீடு திரும்பும்போது கண்ணிமை வரைக்கும் வெள்ளையாக இருப்பான். அவன் மகள், நடக்கப் பழகிய குழந்தை, அப்பாவின் கையில் விரலால் படம் வரைந்து விளையாடும். பிறகு இருமல் வந்தது. இரண்டு வருஷம் இருமினான். படுத்தால் மூச்சு வரவில்லை என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு மத்தியானம் போய்விட்டான். வயசு முப்பத்து நாலு. சான்று எழுதியவர் நின்னுபோச்சு டாக்டர். யார் செத்தாலும் மேல்வரியில் 'இதயம் நின்றுபோனது' என்று எழுதி, மற்ற இரண்டு வரிகளையும் வெறுமனே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்பதால் அந்தப் பெயர்.

பத்தாம் நாள் அக்கா வேலைக்கு வந்தாள். மேசையில் காத்திருந்த சான்றுகளில் இரண்டாவது தாள் தம்பியுடையது. ஒதுக்கி வைத்திருக்கலாம், வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எழுதியதற்குத்தான் எண், நம் நினைப்புக்கு இல்லை என்று புதியவர்களுக்கு வருஷக்கணக்கில் பாடம் எடுத்தவள் அவள்தானே. எழுதியிருந்தது இதயம். இதயத்துக்கான எண்ணைப் போட்டாள். கை நடுங்கவில்லை. நடுங்கவில்லையே என்று அவளுக்குப் பல வருஷம் பெருமைகூட இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் எதிர்மேசைக்காரரும் அதே எண்ணைப் போட்டார். வெள்ளிக்கிழமை ஒத்துப்போனது. தாள் நான்காவது அலமாரிக்குப் போனது. அடுத்த திங்கள்கிழமைதான் பதிவறைக்காரர் அலமாரியைத் தொட்டுவிட்டு, என்னடா இது என்று கையை இழுத்துக்கொண்டார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து.

தம்பி மனைவி அந்தச் சான்றின் நகலை லேமினேட் செய்து வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். இதயம் நின்றுபோகிற பரம்பரை என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. குழந்தை வாசல்படி இறங்கினால் "மெதுவா" என்பாள். தண்ணீர் குடித்தால் "மெதுவா", சிரித்தால் "மெதுவா". நாளடைவில் தெருவே அந்தப் பெண்ணை மெதுவா என்று கூப்பிட ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் கடிதம் கொடுத்து விளையாட்டு நேரத்தில் பெஞ்சில் உட்கார வைத்தாள். இரண்டு தடவை இதயத்தைப் பரிசோதித்தார்கள், குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள். "அவருக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, நிக்கிற வரைக்கும்" என்றாள் தம்பி மனைவி.

மெதுவாவுக்குப் பதினைந்து வயசானது. பெஞ்சில் உட்கார்ந்து விளையாட்டு டீச்சரின் ஸ்டாப்வாட்சைப் பிடித்து மற்றவர்கள் ஓடுவதற்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. யார் எங்கே மூச்சு வாங்குவார்கள், யாருக்கு வளைவில் கால் தடுமாறும் என்று அத்தனையும் அவளுக்குத் தெரியும். அம்மா கடைக்குப் போகும் நேரம் பார்த்து, தெருக்கோடிக் குழாய் வரை குடத்தோடு ஓடிப்போய் ஓடிவருவாள். எல்லா ஊர்ப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் ஓட்டப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. டீச்சர் ஒரு படிவத்தைக் கொடுத்து, அம்மாவிடம் ஒரு கையெழுத்து, அது போதும் என்றார். அந்தப் படிவம் பைக்குள்ளேயே கசங்கிக்கொண்டிருந்தது. கேட்டால் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். கேட்காமல் விட்டால் இனி எந்த வருஷமும் கேட்க மாட்டோம் என்பதும் தெரியும்.

ஒருநாள் மதியம் நல்ல மழை. பள்ளியை அரை நாளோடு விட்டுவிட்டார்கள். மெதுவா தொப்பலாக நனைந்து அத்தையின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். தலையைத் துவட்டிவிட்டு, பதிவறைக்குப் போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வா என்று அக்கா அனுப்பினாள். போனவள் திரும்பி வரவில்லை. சாப்பாட்டு நேரம் முடியப் போகிறதே என்று அக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். டப்பாவுக்கு அடியில் இருந்த தாள்கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெண் நின்றிருந்தாள். தினமும் வீட்டுச் சுவரில் பார்க்கிற தாள், அவளுக்குத் தெரியாதா.

"அத்தை, அப்பாவுக்கு உடம்பு சுடுது" என்றாள்.

அக்கா புறங்கையை அந்தத் தாளின் மேல் வைத்துப் பார்த்தாள். தம்பி சின்னப் பையனாக இருந்தபோது எத்தனையோ தடவை அப்படி நெற்றியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சுட்டது. பக்கத்துத் தாளை எடுத்தாள், அதுவும் சுட்டது. ஐந்தாவது அலமாரிக்குப் போய்ச் சண்டை போட்டுத் தீர்த்த தாள்களைத் தொட்டாள். ஒன்றுகூடச் சுடவில்லை, எல்லாம் சில்லென்று இருந்தன. திரும்ப நான்காவதுக்கு வந்து ஒவ்வொரு தாளாக எடுத்துத் தரையில் பரப்பினாள். டாக்டர்கள் மூன்று வரியையும் ஒழுங்காக எழுதியிருந்த தாள்கள் சற்று நேரத்தில் ஆறின. மேல்வரி மட்டும் எழுதியிருந்தவை ஆறவே இல்லை. சாயங்காலத்துக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு தாள்கள் காய்ச்சலோடு கிடந்தன. அத்தனையிலும் அவள் கையெழுத்து இருந்தது, அத்தனையிலும் அதன் கீழே எதிர்மேசைக்காரரின் கையெழுத்தும் இருந்தது. அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன்னுடைய ஒழுங்கே தன்னை இப்படி நடுத்தெருவில் நிறுத்தும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அன்றைக்குத்தான் அவள் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். எதிர்மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றார். அக்கா நான்கைந்து தாள்களை அவர் கையில் வைத்தாள். அவர் நல்ல மனுஷன், சட்டென்று புரிந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே தப்பை ஒரே மாதிரி பண்ணியிருக்கோம்" என்றார். "அதைத்தான் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க. பதினொரு வருஷமா இதுல சோறு வேற சூடு பண்ணிச் சாப்பிட்டிருக்கோம்."

எழுதிய டாக்டரே கைப்படத் திருத்தினால்தான் சான்று மாறும், எண் மாறும். நின்னுபோச்சு டாக்டர் ஓய்வு பெற்று, ஊருக்கு வெளியே ரோஜாத் தொட்டிகளோடு இருந்தார். மறுநாளே அக்கா லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். தம்பி மனைவியின் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்த எக்ஸ்ரேப் படத்தை, மெதுவா அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்திருந்தாள். டாக்டருக்குக் கோபம் வந்தது. "எல்லாருக்கும் கடைசியில நிக்கிறது அதுதானேம்மா? நான் என்ன பொய்யா எழுதினேன்?" என்று கேட்டார்.

"பொய் இல்ல டாக்டர். ஆனா அது முடிவு. நான் ஆரம்பத்தைக் கேக்க வந்திருக்கேன்" என்று அக்கா தாளை அவர் கையில் கொடுத்தாள்.

நாற்பது வருஷம் காய்ச்சல் பார்த்த கை அது. தாளைத் தொட்டதும் அவருடைய இரண்டு விரல்கள் தானாகவே அதன் ஓரத்தில் நாடி தேடின. கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். என்ன வேலை, எத்தனை வருஷம், முகத்தில் துணி கட்டினானா, எப்போதிலிருந்து இருமல், சளியில் ரத்தம் உண்டா. ஆளைப் படுக்க வைத்துக் கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் பதினொரு வருஷம் கழித்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எக்ஸ்ரேப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு நுரையீரலிலும் மாவு தூவியதுபோலப் பொடிப் புள்ளிகள். பேனாவைத் திறந்து, நடுவரியில் மூச்சடைப்பு என்றும், கீழ்வரியில் நுரையீரலில் கல்தூசி, ஆறு வருஷம் என்றும் எழுதினார். மேல்வரியை அடிக்கவில்லை, அதுவும் உண்மைதானே. கையெழுத்துப் போட்டார். அக்கா அங்கேயே நின்றுகொண்டு பழைய எண்ணை அடித்துவிட்டுத் தூசிக்கான எண்ணைப் போட்டாள். இந்தத் தடவை அவள் கை நடுங்கியது. தாள் முதலில் வேர்த்தது. ஓரங்களில் முத்து முத்தாக ஈரம் அரும்பி டாக்டரின் வேட்டியில் சொட்டியது. பிறகு மெல்ல ஆறி, எல்லாத் தாளும்போல ஒரு தாளாக ஆனது.

"இன்னும் எத்தனை பேருக்கு இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"அலமாரி நிறைய, டாக்டர்."

டாக்டர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

தம்பி மனைவியிடம் திருத்திய தாளைக் காட்டப் போனபோதுதான் அக்காவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. தம்பி மனைவி எழுத்துக்கூட்டிக் கீழ்வரியை மூன்று தடவை படித்தாள். சுவரில் இருந்த நகலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுக்கு நம்பர் போட்டது யாரு?"

"நான்தான்."

"உங்க தம்பின்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். பட்டறையும் தெரியும், இருமலும் தெரியும். பேப்பர்ல இல்லைன்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

தம்பி மனைவி அழுதாள். அழுகையோடு அழுகையாக அக்காவைத் திட்டினாள். என் பிள்ளையைப் பதினொரு வருஷம் கட்டிப்போட்டு வைக்க விட்டீர்களே என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அக்கா அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். எல்லாம் ஓய்ந்த பிறகு தம்பி மனைவி மூக்கைச் சிந்திவிட்டு, "அப்போ இவளுக்கு ஒண்ணும் வராதா அக்கா?" என்று கேட்டாள்.

"இவ கல்லு அறுக்கப் போனா வரும். ஓடப் போனா வராது."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மெதுவா, கசங்கிய படிவத்தைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

போட்டிக்குத் தெரு பூராவும் திரண்டு போயிருந்தது. எதிர்மேசைக்காரர் வந்திருந்தார், டாக்டர் ரோஜா ஒன்றைச் சட்டையில் செருகிக்கொண்டு வந்திருந்தார். துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் மொத்தமும், மெதுவா, மெதுவா என்று தொண்டை கிழியக் கத்தியது. பக்கத்து ஊர்க்காரர்கள், என்ன ஜனங்கள் இவர்கள், ஓடுகிற பிள்ளையை மெதுவாகப் போகச் சொல்கிறார்களே என்று முறைத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒரே ஒரு குரல் மட்டும் வேறு மாதிரி கேட்டது. தம்பி மனைவி கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே இறங்கி நின்று, "ஓடு, ஓடுடி என் தங்கமே" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒன்பது பேரில் மெதுவா நான்காவதாக வந்தாள். பதக்கம் மூன்று பேருக்குத்தான். ஆனால் அன்றைக்கு அந்தத் தெருக்காரர்கள் வீடு திரும்பிய மிதப்பைப் பார்த்தவர்கள், முதல் பரிசு இவர்களுக்குத்தான் போலிருக்கிறது என்றே நினைத்தார்கள். அடுத்த வருஷம் அதுவும் நடந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு தாள்களுக்கு மூன்று வருஷம் பிடித்தது. டாக்டர் தினமும் ஒரு தலையணையோடு வந்து தடுப்பு இருந்த இடத்தில் உட்காருவார். தடுப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். எண்ணை இப்போதும் தனித்தனியாகத்தான் போட்டார்கள், ஆனால் ஒத்துப்போன தாளையும் இருவரும் எடுத்துத் தொட்டுப் பார்த்தார்கள். சுட்டால் அக்காவும் எதிர்மேசைக்காரரும் முறை வைத்து வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, முதலில் எது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். சில வீட்டில் விரட்டினார்கள். பல வீட்டில் உட்காரச் சொல்லி, இத்தனை வருஷம் யாரும் கேட்காததை எல்லாம் சொன்னார்கள். வேறு டாக்டர்கள் எழுதிய தாள்களுக்கு நின்னுபோச்சு டாக்டரே போய்ச் சண்டை போட்டுக் கையெழுத்து வாங்கி வந்தார். வருஷாந்திரப் பட்டியலில் கல்தூசிக்கு நேரே எப்போதும் பூஜ்யம் இருக்கும். அந்த இடத்தில் நாற்பத்து மூன்று என்று வந்தது. அதைப் படித்த மேலிடம், பட்டறைகளில் சக்கரத்தின் மேல் தண்ணீர் விட்டுத்தான் கல் அறுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பட்டறை ஆட்கள் இப்போது சாயங்காலம் சேறும் சகதியுமாக வீடு திரும்புகிறார்கள், வெள்ளையாகத் திரும்புவதில்லை.

சுட்ட தாளை ஒத்துப்போனதாகக் கணக்கில் சேர்க்காததால், ஒத்துப்போகும் விகிதம் மட்டும் தொண்ணூற்றெட்டிலிருந்து எழுபத்தொன்பதுக்குச் சரிந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி என்ன கேடு வந்தது என்று பார்க்க வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து, திருத்திய கட்டின் மேல் ஒரு தடவையும், திருத்தாமல் மிச்சம் இருந்த கட்டின் மேல் ஒரு தடவையும் வைத்தாள். அதிகாரி இரண்டு கட்டையும் மறுபடி தானே தொட்டுப் பார்த்தார். பிறகு அறிக்கையில், விகிதம் குறைவு, தாள்கள் குளிர்ச்சி, வேலை திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிரிவுத் தலைவர் பழைய ஃப்ரேமில் தொண்ணூற்றெட்டை எடுத்துவிட்டு எழுபத்தொன்பதை மாட்டினார். அக்கா இப்போதும் உள்ளே வரும்போது அதை நிமிர்ந்து பார்க்கிறாள், முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

மூன்றாம் வருஷக் கடைசியில் தெர்மாமீட்டர் அறையின் வெப்பத்தைத்தான் காட்டியது. பூனை ஜன்னலோரத்துக்குக் குடிபெயர்ந்தது. மதியச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது, அதை அத்தனை பேரும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சாப்பிட்டார்கள். கடைசியில் மின்சார அடுப்பு ஒன்று கேட்டு எழுதலாம் என்று முடிவானது. விண்ணப்பத்தில் காரணம் எழுத மூன்று வரிகள் விட்டிருந்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள், அக்காவிடம்தான் கொடுத்தார்கள். மேல்வரியில், சாப்பாடு ஆறிப்போகிறது என்று எழுதினாள். நடுவரியில், நான்காவது அலமாரி குளிர்ந்துவிட்டது என்று எழுதினாள். கீழ்வரியில், உள்ளே இருப்பவர்களுக்கு இப்போது காய்ச்சல் இல்லை என்று எழுதினாள். தலைமை அலுவலகம் கீழ்வரியைப் படித்தது, சரி என்று முத்திரை குத்தியது. பதினைந்தாம் நாள் அடுப்பு வந்து சேர்ந்தது.